அசையாமல் உட்கார்ந்திருந்த அத்தா

போன வருஷம், அத்தா, அதாவது என் அப்பா, ஹஜ்ஜுக்குக் கிளம்பும் சமயத்தில் புதுச்சேரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, மனக்கசப்பையெல்லாம் தீர்த்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். தெருவெல்லாம் போய்க் கேட்டுவிட்டு வந்த அத்தாவுக்கு வீட்டுக்குள் இருந்த கசப்பைத் தீர்க்க முடியவில்லை. தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் பெரியண்ணனும், டவுனில் கடை வைத்திருக்கும் சின்னண்ணனும் ஒரு சம்பந்தப் பேச்சில் முறுக்கிக்கொண்டவர்கள். ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் வருவதில்லை. இரண்டு பேரோடும் ஒரு படமாவது வேண்டும் என்றார் அத்தா.

என் தோழி பழைய கட்டடங்களைப் படமெடுப்பவள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும் பெரிய மடிப்புக் கேமரா அவளுடையது. பின்னால் பிலிமுக்குப் பதில் ஒரு டிஜிட்டல் பெட்டி. அது சின்னது என்பதால், ஒரு பக்கம் தள்ளி வைத்து இடது பாதி, நகர்த்தி வலது பாதி என எடுத்து இரண்டையும் ஒட்டுவாள். அவள் ஒரு படம் எடுப்பதற்குள் பிரியாணிக்குத் தம் போட்டு இறக்கிவிடலாம். ஆனால் படத்தில் சுவரின் மயிரிழை விரிசல்கூடத் தெரியும். அப்படி ஒரு கை அவளுக்கு.

எனக்குச் சட்டென்று யோசனை வந்தது. இடது பாதிக்குப் பெரியண்ணன் நின்றுவிட்டுப் போகட்டும், பிறகு சின்னண்ணன் வரட்டும் என்றேன்.

"முடியும். ஆனா உங்க அத்தா நடுவுல ரெண்டு பாதியிலயும் வருவாங்க. இவர் போயி அவர் வர்ற வரைக்கும் அவங்க அசையவே கூடாது. அதை நானே அவங்ககிட்ட சொல்லிடுவேன்" என்றாள் அவள்.

சொன்னாள். அத்தாவும் சம்மதித்தார்.

முற்றத்தில் நாற்காலி போட்டு அத்தா உட்கார, பெரியண்ணன் பக்கத்தில் நின்றார். ஒரு பாதி முடிந்தது. அவர் விலகியதும் சின்னண்ணனுக்குப் போன் போட்டேன். கிளம்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னவர் வெகுநேரமாகியும் வரவில்லை. வெயில் அத்தாவின் முகத்துக்கு வந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் கை எழவில்லை. தண்ணீர் கொண்டு போனேன், வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

டீ குடித்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியண்ணன் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "தண்ணி குடிங்கத்தா" என்றார்.

"அசஞ்சா படம் கெட்டுடும்பா. அவன் வரட்டும்."

பெரியண்ணன் தன் தோளில் கிடந்த துண்டால் அத்தாவின் வியர்வையை ஒற்றிவிட்டு, அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். சின்னண்ணன் வந்து அதைப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே தயங்கினார்.

தோழி துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். "வெயில் மாறிடுச்சு, அந்தப் பாதி இனிமே ஒட்டாது. மொதல்லேர்ந்து எடுத்துடறேன், நீங்களும் வந்து நில்லுங்கண்ணா" என்றாள். யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை, ஏன் எதற்கு என்றும் கேட்கவில்லை. சின்னண்ணன் உள்ளே வந்து அத்தாவின் மறுபக்கம் நின்றார். இரண்டு பாதியும் முடியும்வரை மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள்.

அண்ணன்கள் இன்றும் அளந்துதான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் எனக்கு யாரோடாவது மனத்தாங்கல் என்றால், இப்போதெல்லாம் நானே முதலில் போய்விடுகிறேன். எனக்காக இன்னொருவர் அப்படி வெயிலில் காத்திருப்பதைப் பார்க்க மனசு தாங்காது.