பெருங்காயம் பிடித்த ஜாடி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான் போட்ட ஊறுகாய் ஒரு வருஷமும் பூசணம் பிடித்ததில்லை. அந்தக் கர்வம்தான் போன மாம்பழக் காலத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

சித்தூரில் என் கடைசி மகளோடு இருக்கிறேன். அவள் வீட்டிலேயே பன் சுட்டு விற்கிறாள். மாவை உப்பவைக்கும் ஈஸ்டையும் வீட்டிலேயே வளர்க்கத் திருப்பதியில் ஒரு பயிற்சிக்குப் போனாள். மாம்பழக் கூழ் எடுக்கும் பேக்டரியில் கழித்துப்போடும் மாம்பழத் தோலை வேகவைத்து வடிகட்டி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகைக் கலந்து, ஆறியதும் அதில் ஈஸ்டை விடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சபைப் பண்டிகைக்கு அந்த ஈஸ்டில்தான் பன் என்று பாஸ்டரிடமும் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை மறுபடி திருப்பதிக்குக் கிளம்பும்போது, ஈஸ்ட் விட்டு வாயில் துணி கட்டிய பாட்டிலைக் காட்டி, "சனிக்கிழமை வந்துடுவேன். இத்த தொடாதம்மா" என்றாள்.

மதியம் நுரை பொங்கி வழிந்தது. ஊறுகாய் நுரைத்தால் கெட்டது என்று அர்த்தம்; எனக்குப் பொறுக்கவில்லை. ஊறுகாய்க்குச் செய்வதுபோலத் தணலில் பெருங்காயம் போட்டு, ஜாடியைக் கவிழ்த்துப் புகை பிடித்து, பாட்டிலில் இருந்ததை அதில் ஊற்றினேன். புகை பிடித்த ஜாடியில் எதுவும் கெடாது என்பது என் கணக்கு.

சாயங்காலம் நுரை அடங்கிவிட்டது. ஜாடியில் காதை வைத்தேன். காலையில் பாட்டிலில் கேட்ட இரைச்சல் இல்லை. பூசணத்தை அண்டவிடாத புகை ஈஸ்டை மட்டும் விட்டுவைக்குமா? அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"இன்னாம்மா, பொங்கிக்கினு கீதா?"

"பொங்கிக்கினுதான் கீது."

பாட்டிலை இன்னும் கழுவியிருக்கவில்லை. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் வண்டல் ஒட்டியிருந்தது; புகை படாத ஈஸ்ட். மிச்சமிருந்த தோலை வேகவைத்து, பாகு கலந்து, விரல் வைத்து வைத்துப் பார்த்து, நன்றாக ஆறியபின் அந்த வண்டல்மேலேயே ஊற்றினேன். வெள்ளிக்கிழமை முழுக்க அது அசையவில்லை. சபைக்கு முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பதே கண்ணில் நின்றது. சனிக்கிழமை விடிந்தபோது ஓரத்தில் நாலு குமிழி தெரிந்தது. அவள் வருவதற்குள் பாட்டில் வாயில் கட்டிய துணியைத் தொட்டது நுரை.

வந்ததும் கேட்டாள்: "ஜாடிய எதுக்கு கழுவி கவுத்து வச்சிகீற?"

"ஊறுகாய்க்கு."

"எவ்ளோ ஊறுகாய்தான் துன்றது?"

பன் நன்றாக உப்பி வந்தது. "எங்கம்மா தொடாம காவல் காத்தாங்க" என்று சபை முழுக்கச் சொன்னாள். இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறேன்.

நடந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டி நாலு நாளாக எழுதினேன். பேத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"படி கண்ணு. சத்தமா படி. உங்கம்மா மாவு பிசைஞ்சிகினு கீறா, அவளுக்கு கேக்கணும்."