மழைக்கு முன் ஒரு கார்

என் மகளுக்கு இழுப்பு வரும்போது முதலில் நின்றுபோவது பேச்சு. மூச்சின் சத்தம் அதற்கு முன்பே மாறியிருக்கும், ஆனால் வீட்டுச் சந்தடியில் அது காதில் விழாமல் போகலாம். பேச்சு குறைவதைத் தவறவிட முடியாது. ஓயாமல் பேசுகிற ஆறு வயதுப் பிள்ளை, "அம்மா, அந்தப் பூனை..." என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, மீதியைச் சொல்லாமல் விட்டுவிடும்.

எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் போர்ட் பிளேரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருக்கும் வண்டூரில் இருந்தோம். என் மனைவி அங்கே பள்ளிக்கூட டீச்சர். நான் போர்ட் பிளேரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். அதற்கு முன் மெட்ராஸில் ஒரு நாளிதழில் எட்டு வருடம் அதே வேலையைப் பார்த்தவன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். இடையில் அவசரம் என்றால் மரம் ஏற்றி வரும் லாரிதான்.

ஓர் அக்டோபர் மதியம் அந்த லாரி தேவைப்பட்டது. அது வர ஒரு மணி நேரம், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். டிரைவர் பக்கத்தில் மனைவி, பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் ஈரக் கட்டைகளின் மேல் நின்று, சின்ன ஜன்னல் வழியாகப் பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. கராச்சர்மாவைத் தாண்டும்போது உதடு நீலமாக இருந்தது என்று மனைவி பிறகு சொன்னாள். நான் நின்ற இடத்திலிருந்து உதடு தெரியவில்லை.

ஊசி போட்டுப் பிள்ளை தூங்கிய பிறகு டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார். "முழுசா ஒரு வாக்கியம் பேச முடியலைன்னா அப்பவே கிளம்பிடணும். ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க இருக்கணும். இன்னிக்கு நீங்க வந்த நேரம்..." என்று ஆரம்பித்தார். அவரும் மீதியைச் சொல்லவில்லை.

அதனால்தான் கார். இருவரின் சேமிப்பும் மனைவியின் ஒரு ஜோடி வளையலும் சேர்ந்தால் பழைய கார் ஒன்று வாங்கலாம். மெட்ராஸில் பத்திரிகைக் கட்டு ஏற்றும் வேனை ஓட்டிப் பழகியிருந்ததால் லைசென்ஸ் என்னிடம் இருந்தது. ஆனால் தீவில் கார் விற்பனைக்கு வருவது கப்பலைப் பொறுத்த விஷயம். மெயின்லாண்டுக்கு மாற்றலாகும் அதிகாரி காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகமாட்டார். ஏற்றும் கூலிக்குக் கட்டாது. கப்பல் தேதி தெரிந்ததும் விற்கப் பார்ப்பார். வாங்குகிறவனுக்குக் கப்பல் கிளம்பும் வரைதான் அவகாசம். அதை விட்டால் அடுத்த மாற்றல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மழை எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்: மே மாதம் பாதியில்.

ஏப்ரலில் போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் ஒரு கார் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தது. அதிகாரி மெட்ராஸ்காரர், மரியாதையான மனிதர். வீடு கடலைப் பார்த்த சரிவில். வாசலில் சாம்பல் நிறத்தில் நாலு கதவு வண்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்து நின்றது. குரோமியப் பட்டையில் என் முகம் தெரிந்தது.

"ஒரே கை வண்டி சார்," என்றார் அதிகாரி. "நாலு வருஷம் ஆச்சு. ஒருநாள்கூடக் கழுவாம வெளிய எடுத்ததில்ல."

"எங்க வீட்டுப் பாத்திரத்தைவிட அதுதான் சுத்தமா இருக்கும்," என்றார் அவர் மனைவி, டீயை நீட்டியபடி.

ஓட்டிப் பார்த்தேன். என்ஜின் சீராக ஓடியது. சரிவில் பிரேக் பிடித்தது. விலையும் எங்கள் கைக்குள் இருந்தது. இறங்கிச் 'சரி' என்று சொல்ல வாயெடுத்தபோது, தோட்டத்துக் குழாயடியில் ஐந்து குடங்கள் காலியாக வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். அந்த வாரம்தான் தண்ணீர் விடும் நேரம் பற்றிய அறிவிப்பை நானே மெய்ப்புப் பார்த்து அனுப்பியிருந்தேன். காலையில் அரை மணி நேரம், அவ்வளவுதான்.

அவர்களுடைய டிரைவர் பக்கெட்டும் துணியுமாகப் பக்கத்தில் நின்றிருந்தார். தீவில் இருபது வருடம் இருந்த மதுரைக்காரர், பேச்சில் பாதி இந்தி. "தினமும் எந்தத் தண்ணியில கழுவுறீங்க?" என்று கேட்டேன்.

"நல்காவுல பானி ஏது சார்? குடிக்கவே பத்தல," என்றார். "சமுந்தர் பக்கத்துலயே இருக்கு. நாலு பால்டி மொண்டு ஊத்தினா வேலை கதம்."

"எவ்வளவு நாளா?"

"கோடையில மட்டும்தான் சார். நாலு வருஷமா." இரும்பை அரிக்கும் கடல் தண்ணீரில் கழுவியதைக் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லும் குரலில்தான் சொன்னார். அதிகாரி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த வண்டி வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேறு யாராவது அதற்குள் வாங்கிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

மறுநாள் வண்டூரிலிருந்து ஓர் ஓடாவியைக் கூட்டிப்போனேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், கிறிஸ்தவர், படகு கட்டிப் பழுது பார்ப்பவர். என் வயதுதான். கார் மெக்கானிக்குகள் போர்ட் பிளேரில் இருந்தார்கள். ஆனால் மூன்று பேரிடம் கேட்டதில் மூன்று பேரும் என்ஜினைப் பற்றியே பேசினார்கள். ஓடாவி என்ஜின் மூடியைத் திறக்கவே இல்லை. தரையில் சாக்கை விரித்து, கையில் மரச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

படகின் பலகை உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுபோல ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பிறகு பொத். மறுபடி பொத்.

"கார் பாக்க வந்தீங்களா, தோணி பாக்க வந்தீங்களா?" என்றார் அதிகாரி. சிரிக்கத்தான் முயன்றார்.

"முங்கிப் போனா ரெண்டும் ஒண்ணுதான் சார்," என்றது அடியிலிருந்து ஓடாவியின் குரல்.

வெளியே வந்து பின் இருக்கைக்கு முன்னால் இருந்த மிதியடியைத் தூக்கினார். புதுப் பெயிண்ட் பளபளத்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. எடுத்தபோது அந்த ஓட்டை வழியாகச் செம்மண் தெரிந்தது.

"இங்கன பிள்ளைக கால் வைக்கிற இடம்," என்றார். பிறகு என்னையும் குனியச் சொல்லி, சக்கரத்துக்குப் போகும் மெல்லிய பிரேக் குழாயைக் காட்டினார். துரு பொருக்குப் பொருக்காக இருந்தது. நகத்தால் சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் உருண்டு நின்றது. "நேத்து பிடிச்சிருக்கும். இன்னைக்கும் பிடிக்கும். பிடிக்காத அன்னைக்கு முன்னாலயே வந்து சொல்லிக்கிட்டு இருக்காது, சார்."

அதிகாரியின் மனைவி வாசற்படியிலேயே நின்றிருந்தார். "பிள்ளைங்க இதுலதானே தினம் ஸ்கூலுக்குப் போச்சுங்க," என்றார் கணவரிடம். அந்த வீட்டிலிருந்து இறங்கும் சரிவு நேராகக் கடலோரச் சாலையில் போய் முடியும். நாங்கள் நால்வரும் கொஞ்ச நேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் நேர்மையான ஆள். அதற்குப் பிறகு அதை யாருக்கும் வண்டியாக விற்கவில்லை. என்ஜினை ஒரு படகுக்காரருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். "கப்பலும் போச்சு, காரும் போச்சு," என்றாள். "மழை மட்டும் கரெக்டா வந்துடும்."

அடுத்த மூன்று வாரம் எந்த மாற்றலும் இல்லை. தினமும் சாயங்காலம் மேற்கே மேகம் திரண்டு கலைந்தது. பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான்: இறங்கியதும் பிள்ளை ஓடி வந்து பேசுவாளா, மாட்டாளா.

இரண்டாவது வண்டியை ஓடாவிதான் கண்டுபிடித்தார். ஃபீனிக்ஸ் பேயில் படகுத்துறை மராமத்து எடுத்துச் செய்யும் ராமநாதபுரத்துக் காண்ட்ராக்டர் ஒருவருடையது. கறுப்பு வண்டி. முன் மட்கார்டு நசுங்கியிருந்தது. ஒரு கதவு மட்டும் பச்சை. ஓடாவி அடியில் போய்த் தட்டினார். முன்னிருந்து பின்வரை டங் என்ற ஒரே சத்தம். பிரேக் குழாயைத் துணியால் அழுத்தித் துடைத்ததும் உலோகம் மின்னியது.

ஆனால் பத்தடி தள்ளி நிற்கும்போதே நாற்றம் மூக்கில் ஏறியது.

"சுறா எண்ணெய் சார்," என்றார் காண்ட்ராக்டர். "பழைய என்ஜின் ஆயிலோட கலந்து, ஒவ்வொரு மழைக்கு முன்னாடியும் அடியில, கதவுக்குள்ள, எல்லா இடத்துலயும் அடிச்சிருவேன். துரு கிட்ட வராது, பக்கா. என் வீட்டுக்காரி இதுல ஏற மாட்டேங்குறா. அதான் விக்கிறேன், ஜூட் இல்ல, நெசம்."

"அந்த மதினி ஏறாததுக்கு எண்ணெய் மட்டுமா காரணம்?" என்றார் ஓடாவி.

"யோவ், நீ வண்டியத் தட்டுறதோட நிறுத்திக்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகாய் தாளித்த புகைக்கு என் மகளுக்கு இழுப்பு வந்திருக்கிறது. ஊதுபத்திக்கு வந்திருக்கிறது. மண்ணெண்ணெய் விளக்குக்கு ஒருமுறை வந்தது. உயிர் காக்க வாங்கும் வண்டியே மூச்சை அடைத்தால் அந்த இருபத்தைந்து கிலோமீட்டரில் நடுவழியில் நான் என்ன செய்வேன்? டாக்டரிடம் கேட்டேன். ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், உட்கார வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் என்னோடு பஸ்ஸில் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன். மகள் ஏறியதும் மூக்கைப் பொத்தினாள். "இது மீன் வண்டி!" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் மூச்சை எண்ணினேன். கண்ணாடிகளைத் திறந்து வைத்து ஊருக்குள் கால் மணி நேரம் ஓட்டினோம். எண்ணிக்கை மாறவில்லை. பிறகு கண்ணாடிகளை ஏற்றினோம். ஐந்தாவது நிமிடம் இருமினாள். பத்தாவது நிமிடம் எண்ணிக்கை ஆறு கூடியிருந்தது. மனைவி கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு பழையபடி ஆனது.

வண்டியை விட்டு இறங்கி மனைவியும் நானும் தள்ளிப்போய் நின்றோம்.

"கண்ணாடியத் திறந்து வச்சுக்கலாம்," என்றாள்.

"நமக்குத் தேவைப்படுறதே மழையிலதான்."

"நனைஞ்சா துவட்டிக்கலாம். அந்தச் சாம்பல் வண்டித் தரைய என்ன செஞ்சிருப்பீங்க?"

அது போதுமான சோதனை இல்லை என்று எனக்குத் தெரியும். நல்ல மூச்சோடு இருக்கும் பிள்ளையை வைத்துப் பார்த்தது, மூச்சுத் திணறும் பிள்ளைக்குச் சாட்சி ஆகாது. ஆனாலும் வாங்கினோம். சோடா உப்புப் போட்டு இருக்கைகளைத் தேய்த்தோம், பயனில்லை. நான் வழக்கம்போல் பஸ்ஸிலேயே வேலைக்குப் போனேன். வண்டி வீட்டில் நிற்க வேண்டும் என்பதுதானே விஷயம். காலியான கடற்கரைச் சாலையில் மனைவி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். சாவி கதவருகே ஆணியில் தொங்கியது.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். காலையிலிருந்து விடாத மழை. மகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, எனக்கு இன்னும்..." என்றாள். நிறுத்தினாள். மனைவியும் நானும் ஒரே சமயத்தில் எழுந்தோம்.

நான்கு கண்ணாடிகளையும் முழுதாக இறக்கினோம். பின் இருக்கையில் மனைவி மழைக்கோட்டைக் கூடாரமாகப் பிடித்து, பிள்ளையின் முகம் மட்டும் வெளியே இருக்கும்படி வைத்துக்கொண்டாள். மழை இரண்டு பக்கமும் உள்ளே வந்தது. என்ஜின் சூடானதும் அந்த நாற்றம் காலுக்கடியிலிருந்து எழும்பியது. நான் எதிர்பார்த்திருந்ததைவிட அதிகமாகவே எழும்பியது.

"இருமுறாளா?" என்றேன்.

"ரோட்டப் பாருங்க."

கராச்சர்மாவுக்கு முந்தைய இறக்கத்தில் மர லாரி ஒன்று குறுக்கே திரும்பி நின்றிருந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதிக்கும் அந்த நொடியில் மின்னி பேயில் பார்த்த ஒற்றைச் சொட்டு எண்ணெய்தான் கண்ணில் இருந்தது. வண்டி வழுக்கி, இரண்டு கை தூரத்தில் நின்றது. பின்னாலிருந்து மூச்சு கேட்டது. கூர்மையான, நீண்ட, விசில் போன்ற சத்தம். கேட்கும்வரை நல்லது என்று சொல்லிக்கொண்டேன். லாரி விலக நான்கு நிமிடம் ஆனது.

ஆஸ்பத்திரி வாசலில் மணி பார்த்தேன். ஐம்பத்தொரு நிமிடம். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே போன என்னை நர்ஸ் வெளியே நிற்கச் சொன்னார்.

வண்டிக்குத் திரும்பி வந்தேன். பின் கதவைத் திறந்தால், தரையில் கணுக்காலளவு மழைத் தண்ணீர். ஓர் ஓட்டையும் இல்லாததால் ஒரு சொட்டும் வடியவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பிள்ளைக்குக் கொண்டுவந்திருந்த டம்ளரால் அதை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். நாற்பதுவரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் எண்ணிக்கை நினைவில் நிற்கவில்லை. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

தரை தெரியும் நேரத்தில் வராந்தாவில் மனைவி வந்து நின்றாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "உள்ள வாங்க," என்றாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளரையும் பார்த்தாள்.

"திரும்ப அந்த மீன் வண்டியிலதான் வீட்டுக்குப் போகணுமா, அப்பா?" என்றாள்.

நடுவில் மூச்சு வாங்கவில்லை. முழு வாக்கியம். நான் மனதுக்குள் அதை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன், எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று. வெளியே ஓட்டின் மேல் மழை வலுத்தது. கண்ணாடிகளை ஏற்றாமல் வந்துவிட்டோம் என்று மனைவி சொன்னாள். ஜூன் இன்னும் பாதிகூட ஆகவில்லை.