அட்டைப்பெட்டித் தோட்டம்

மாத்திரை அக்காவின் தோட்டத்தில் சாமந்தியைத் தவிர எல்லாம் பூத்துக்கொண்டிருந்தது. கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் உள்ள ஒடுங்கிய இடம் அது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனால் முழங்கை சுவரில் உரசும். அதைத் தோட்டம் என்று சொல்லவே ஒரு துணிச்சல் வேண்டும், அவளுக்கு அது நிறைய இருந்தது. பகல் முழுக்க மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் என்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர்.

செடிகளைப் பற்றி அவளுக்கு அசைக்க முடியாத சில அபிப்பிராயங்கள் உண்டு. ரோஜா சம்பந்தி வீட்டார் மாதிரி, எவ்வளவு செய்தாலும் முகம் சுளிக்கும். குரோட்டன்ஸ் பளபளவென்று உடுத்திக்கொண்டு நிற்குமே தவிர ஒரு வேலைக்கும் உதவாது. கற்றாழைக்கு ரோஷமே கிடையாது, ஒரு மாதம் மறந்துபோனாலும் கோபித்துக்கொள்ளாது. இவற்றையெல்லாம் சமாளித்து ஆளாக்கிய தன்னிடமே இந்தச் சாமந்தி வாலாட்டுகிறதே என்றுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவும் யார் கொடுத்த சாமந்தி? நாத்தனார் கொடுத்தது. வீட்டுக்காரரின் தங்கை, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். தன் வீட்டுச் செடியிலிருந்து கன்றுகளைப் பிரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது யார் வச்சாலும் பூக்கும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'யார் வச்சாலும்' நாள் முழுக்க இவள் காதில் கிடந்து குடைந்தது. இப்போது நாத்தனார் வீட்டுச் சுவரோரம் மஞ்சள் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது. இங்கே தழைதான். கொழுகொழுவென்று தழை, ஒரு மொட்டு கிடையாது. எலும்புத்தூள் போட்டாள். நுனியைக் கிள்ளினாள். தொட்டியை மாற்றினாள். கடைசியில் செடியின் முன்னால் குந்திக்கொண்டு, "தின்னுட்டுத் தின்னுட்டு சும்மா நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டும் பார்த்தாள். அதற்கும் பலன் இல்லை.

வேறு வழியில்லாமல் நர்சரிக்காரரிடம் போய்ப் புலம்பினாள். அவர் இலையைக்கூடப் பார்க்கவில்லை.

"வாசல்ல ராத்திரி லைட்டு எரியுமாம்மா?"

எரியுமாவா? அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே சிரிப்பு நின்றது.

"சாமந்திக்கு நல்ல நீளமான இருட்டு வேணும்மா. ராத்திரி வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா, இன்னும் பூக்கிற காலம் வரலன்னு நெனச்சுக்கிட்டுத் தழையாவே விட்டுக்கிட்டிருக்கும். லைட்ட அணைங்க, தானா மொட்டு வரும்."

லைட்டை அணைப்பது என்ன பெரிய வேலையா? ஒரு சுவிட்சுதானே? அவள் வீட்டில் அது பெரிய வேலைதான். வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். போன வருஷம் ஒரு கட்டடத்தில் ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்தது. கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள், இனி ஏணிப்பக்கமே போகக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு மனிதர் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரம் இல்லை, பேச்சு இல்லை. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள்.

அப்படி இருந்தவர் ஒருநாள் தானாக எழுந்து, கருவிப் பையிலிருந்து பழைய சீரியல் பல்பை எடுத்துச் சுவரில் கட்டினார். மறுநாள் கேட்டில் கட்டினார். அப்புறம் காலி பாட்டில்களுக்குள் பல்பு, ரோஜாத் தொட்டியைச் சுற்றிப் பல்பு. எங்கிருந்தோ ஒரு சிமெண்டுத் தவளையைக் கொண்டுவந்து அதன் வாயிலும் பச்சை பல்பு வைத்தார். தோட்டமா, திருவிழாக் கடையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் மனிதர் சவரம் செய்துகொண்டிருந்தார். கம்பியை முறுக்கும்போது ஏதோ முணுமுணுவென்று பாடினார். விடிய விடிய எரிந்த அந்த வெளிச்சத்தை அவள் வாயை மூடிக்கொண்டு சகித்தாள்.

இப்போது போய் எப்படிச் சொல்வது? உங்கள் லைட்டால்தான் என் செடி பூக்கவில்லை என்றால், அவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, "உன் இஷ்டம்" என்று மறுபடி அந்தச் சுவரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால்? நர்சரியிலிருந்து வீடு வரைக்கும் இதையே போட்டு உருட்டிக்கொண்டு வந்தவள், மறுநாள் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கட்டித் தூக்கி வந்தாள். தினமும் பொழுது சாயும்போது ஒவ்வொரு சாமந்தித் தொட்டி மேலும் ஒரு பெட்டியைக் கவிழ்த்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இது எதுக்கு?" என்று அவர் கேட்டார்.

"பனி விழுதுல்லங்க. செடிக்கு ஆகாது."

அவர் தலையாட்டிவிட்டுக் கம்பியை முறுக்கப் போனார். ஒரு மாதம் இப்படியே போனது. இடுப்பு ஒடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாத்தனார் வந்தாள், வாசலிலேயே நின்றுவிட்டாள். ஊரில் உள்ள வெளிச்சமெல்லாம் இருமல் மருந்துப் பெட்டிகள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணி, பெட்டியெல்லாம் எப்பப் பூக்கும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கையும் அண்ணனும் சேர்ந்து சிரித்தார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் பூக்கும், வந்து பறிச்சுட்டுப் போ" என்றாள். உண்மையைப் போட்டு உடைக்க நாக்கு துடித்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பதும் தெரிந்தது. அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பெட்டிகளை எடுக்கும்போது, கடைசித் தொட்டியில் கடுகளவு ஒன்று தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மொட்டேதான். கடையில் அன்று வருகிறவர்களிடமெல்லாம் தேவைக்கு மேல் சிரித்தாள்.

அன்று கடையில் கூட்டம், கிளம்பும்போதே இருட்டிவிட்டது. பெட்டி கவிழ்க்காமல் செடிகள் நிற்குமே என்று ஓட்டமும் நடையுமாக வந்தாள். கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டாள். எல்லாத் தொட்டி மேலும் பெட்டிகள் கவிழ்ந்திருந்தன. ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடி ஓட்டையிலிருந்தும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

வாசற்படியில் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"நேத்து அவ கிண்டல் பண்ணிட்டுப் போனாளா, மனசு கேக்கல. பாவம், நீ ஆசையா வளர்க்கிற செடி இருட்டுக்குள்ள கெடக்குதேன்னு உள்ள ஆளுக்கொரு பல்பு போட்டுட்டேன். சூடாகாத பல்புதான், பயப்படாத."

அவள் கைப்பையைக் கீழே போட்டாள்.

"ஐயோ, அதுக்கு இருட்டுதாங்க வேணும்! இருட்டு! உங்க லைட்டு விடிய விடிய எரியிறதாலதான் அது பூக்கவே மாட்டேங்குது! ஒரு மாசமா இடுப்பொடியப் பெட்டி கவுத்து, இன்னைக்குத்தான் ஒரே ஒரு மொட்டு வந்துச்சு, அதுக்கும் கொண்டுபோய் பல்பு மாட்டிட்டீங்களே!"

சொல்லி முடித்ததும் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இப்போது எழுந்து உள்ளே போய்விடுவார் என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் உள்ளே போகவில்லை.

"ஒரு மாசமா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, நீங்க மறுபடி கட்டில்ல போய் ஒக்காந்துடுவீங்கன்னு பயம்."

"ஒடஞ்சது என் கால்!" என்று அவர் கத்தினார். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. "கால் மட்டும்தான்! ஒரு சுவிட்ச அணைங்கன்னு புருஷன்கிட்ட சொல்ல முடியாதா உன்னால? ஒரு வருஷமா எல்லாரும் எங்கிட்ட ஆஸ்பத்திரில பேசுற மாதிரியே பேசுறீங்க. நீயுமா? வேற என்னென்ன சொல்லாம வச்சிருக்க? இப்பவே சொல்லு!"

"அந்த வெளிச்சம் ஜன்னல் வழியா மூஞ்சில அடிச்சு எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல!"

"அதையும் சொல்லலையா? நல்ல பொம்பளைம்மா நீ!"

நொண்டிக்கொண்டே போய் அவர் பிளக்கைப் பிடுங்கினார். வாசல் முழுக்க இருட்டானது. அந்த இருட்டில் நின்றபடியே இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். வார்த்தையை அளந்து அளந்து பேசியே ஒரு வருஷத்தைக் கழித்த அவளுக்கு, அவர் ஒன்று சொன்னால் பதிலுக்கு இரண்டு சொல்ல முடிந்தது. ஆத்திரமும் நிம்மதியுமாகத் தொண்டை கட்டிக்கொள்கிற வரைக்கும் அவள் நிறுத்தவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை.