கதவில் ஒட்டிய பொட்டு

புதுக் கார் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சிங்காநல்லூரில் எங்கள் தெருவுக்கு வந்த இரண்டாவது கார் எங்களுடையது. முதல் மாதம் முடிவதற்குள் அதன் குறைகளை எழுதி வைக்க எனக்குத் தனி நோட்டு தேவைப்பட்டது.

ஒன்று, மூன்றாம் கியர் தானாக விடுபட்டுவிடும். இரண்டு, மழை பெய்தால் முன்கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். மூன்று, பின்பக்க இடது கண்ணாடி பாதியில் சிக்கிக்கொள்ளும். நான்கு, எஞ்சின் சூடேறினால் நின்றுவிடும். எங்கே நிற்கும் என்பதை மட்டும் எழுதிவைக்க முடியவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே நின்றது. தள்ளிவிட வந்தவர்களில் ஒருவர், "புது வண்டிங்களாண்ணா? தள்றதுக்கு நல்லா லேசா இருக்குதுங்க" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் காருக்கு உறை போட்டு மூடினார்.

அப்பா கிணற்று மோட்டார் செய்பவர். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. எந்த விவசாயி மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் முதலில் டீ வரும். அடுத்து, அவர் பார்க்கும்போதே மோட்டாரைப் பிரித்தாக வேண்டும். அது பட்டறையின் சட்டம். காரையும் அப்பாவே ஒரு நாளில் சரிசெய்திருப்பார். ஆனால் வெளியாள் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். "மொதலாளி, பேசாம நம்ம மோட்டாரையே வண்டிக்கு மாட்டிப்போடலாங்களா?" என்று பட்டறைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

ஷோரூம் முதலாளிக்கு ஒரு இரும்பு வார்ப்படப் பட்டறையும் இருந்தது. எங்கள் மோட்டார்களுக்கான இரும்புக் கூடெல்லாம் அங்கேதான் வார்த்து வரும். "நம்ம ஷோரூம் இருக்கறப்ப வெளிய எதுக்குங்க போறீங்க?" என்று அவர் கேட்டதால்தான் அப்பா அங்கே கார் எடுத்தார். எனக்கு அவர், போகும்போதெல்லாம் ரோஸ்மில்க் வரவழைத்துத் தரும் ஒரு நல்ல மனிதர்.

நான்கு முறை, என் பட்டியலையும் எழுதிக் கொடுத்து, வண்டியை சர்வீஸுக்கு விட்டோம். நான்கு முறையும் பளபளவென்று கழுவி, உள்ளே வாசனை அடித்துத் தந்தார்கள். என் பட்டியலுக்கு நேராக நான்கு டிக் இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் மூன்றாம் கியர் விடுபடும். அப்பா போன் செய்தால், "பாத்துடலாங்க" என்று அவ்வளவு மரியாதையாகப் பதில் வரும்.

"ஏனுங்கப்பா, அவங்க மட்டும் ஏன் நம்ம முன்னாடி பிரிக்கறதில்லீங்க?" என்று கேட்டேன்.

"அது பெரிய எடம் கண்ணு."

அது எனக்குப் பதிலாகப் படவில்லை. ஐந்தாம் முறை வண்டியை விடுவதற்கு முன், அம்மாவின் அட்டையிலிருந்து நான்கு ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்தேன். முன்கதவின் உள்பலகை கதவோடு சேரும் விளிம்பில் ஒன்று, பின்கதவில் ஒன்று, கியர் தண்டின் உறை ஓரத்தில் ஒன்று, கார்புரேட்டர் மூடியில் ஒன்று. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கமாக ஒட்டினேன். பிரித்தால் கிழிந்துதான் ஆக வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியை எடுக்கப் போன அன்று முதலாளியும் அங்கே இருந்தார். புதிதாகக் கார் பார்க்க வந்த ஒரு குடும்பத்துக்குக் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். சர்வீஸ்காரர் என் பட்டியலை வாசித்தார். "முன்கதவு பிரிச்சு, ரப்பர் மாத்தி ஒட்டியாச்சுங்க."

"பிரிச்சிருந்தா இந்தப் பொட்டு கிழிஞ்சிருக்கோணுங்களே?" என்று நான் கதவைத் திறந்து காட்டினேன். பின்கதவு, கியர் உறை, கார்புரேட்டர் மூடி எல்லாவற்றையும் காட்டினேன். நான்கும் ஒட்டியபடியே இருந்தன.

கார் பார்க்க வந்தவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "புள்ள கெட்டிக்காரிங்க!" அவர் மனைவி அவரைப் பார்க்க, இருவரும் திறந்திருந்த புதுக் காரின் கதவைப் பார்த்தார்கள்.

முதலாளி கோபப்படவில்லை. குனிந்து, நகத்தால் பொட்டை மெதுவாக உரித்து என் நெற்றியில் வைத்தார். "பொட்டு இங்க இருந்தாத்தான் அம்மணிக்கு அழகு." பிறகு அப்பாவிடம், "பொண்ணுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லையாட்ட இருக்குதுங்க" என்றார்.

"சின்னப் புள்ளைங்க. வெளையாட்டுக்குப் பண்ணிப்போட்டா" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது. அது விளையாட்டில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில், "கோபமாங்கப்பா?" என்றேன்.

"இல்ல கண்ணு. நீ சரியாத்தான் செஞ்சே."

மறுநாள் ஷோரூம்காரர்களே வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப்போனார்கள். எட்டு நாளில் நான்கு குறைகளும் தீர்ந்து வந்தது. ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் நான்கையும் அடித்தேன்.

அந்த மாதம் ஷோரூம் முதலாளியிடமிருந்து வர வேண்டிய வார்ப்படம் ஒரு வாரம் தாமதமாக வந்தது. அடுத்த மாதம் பாதிதான் வந்தது. அப்பா போனில், "சரிங்க, சரிங்க" என்பார். என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டால், "பாத்துடலாங்கறாங்க" என்பார். பிறகு வேறு இடத்தில் வார்க்கக் கொடுத்தார். அதில் உள்ளுக்குள் காற்றுக்குமிழ் இருந்தது. கடைசல் இயந்திரத்தில் ஏற்றிப் பாதி சீவிய பிறகுதான் தெரியும். தெரியாமல் போனவை மோட்டாராகிக் கிணற்றுக்குப் போய்த் திரும்பி வந்தன. அப்போதும் அப்பா டீ கொடுத்து, அவர்கள் கண்முன்னால்தான் பிரித்தார்.

இன்று நான் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வார்ப்படம் ஏன் தாமதமானது என்று அந்த வயதில் நான் கேட்கவே இல்லை. அது என் பட்டியலில் இல்லாத விஷயம்.

நட்டம் தாங்காமல் அடுத்த வருஷம் பட்டறையின் கதவைச் சாத்திவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு கம்பெனிக்கு மேற்பார்வை வேலைக்குப் போனார் அப்பா. முதல் நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்காக டிபன் டப்பாவோடு வாசலில் நின்றார். பக்கத்தில் கார் துடைத்து வைத்தபடி இருந்தது.

"கார்தான் சரியாயிருச்சுங்களே, பஸ்ஸுல எதுக்குங்கப்பா?"

"அது நல்லா இருக்கட்டும் கண்ணு" என்றார்.

பெட்ரோல் செலவு எனக்குத் தோன்றவில்லை; கார் தேயக்கூடாது என்று நினைக்கிறார் என எடுத்துக்கொண்டேன். பஸ் போனதும் உள்ளே வந்து நோட்டைத் திறந்தேன். ஆறு மாதமாக வண்டி எங்கேயும் நிற்கவில்லை. புதுப் பக்கத்தில் தேதி போட்டு, நல்ல கையெழுத்தில், "குறை ஏதும் இல்லை" என்று எழுதினேன்.