மழைக்காட்டுக்குள் கொண்டுபோன செய்தி

அம்மா செத்த செய்தி எனக்கு வந்தபோது அவர் செத்துப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அப்படித்தான். சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார், மலேரியாக் காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான். கடிதம் யாரோ ஒருவரின் பைக்குள் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து தொலைபேசியில் ரொறன்ரோவில் டோர்செட் பார்க்கில் இருந்த என் பெரியம்மாவின் மகனுக்கு வந்தது. அண்ணை என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். போனதும், "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று இடியப்பத்தை வைத்தார். நான் கை கழுவும்வரை வேறு ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்ல மாட்டார்கள். கேட்ட பிறகு சோறு இறங்காது என்று முதலே வயிற்றை நிரப்பிவிடுவார்கள். இரண்டாவது இடியப்பத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கோப்பையை வழித்துத்தான் எழும்பினேன்.

அழுகை வரவில்லை. அடுத்த நாள் காலை வெக்ஸ்போர்ட்டில் பஸ் ஏறி, போத்தல் மூடி செய்யும் பக்டரிக்கு வேலைக்குப் போனேன். எட்டு மணித்தியாலம் ஓடுகிற மூடிகளைப் பார்த்து, பிழையானவற்றைப் பொறுக்கிப் போட்டேன். ஒன்றையும் தவறவிடவில்லை. தாய் செத்தவன் இப்படி நிதானமாக மூடி பொறுக்குவானா என்று என்னையே ஏசிப் பார்த்தேன். ஏச்சும் உறைக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, உடம்பு முழுவதும் விறைத்துக் கிடந்தது.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. என் தங்கை கலியாணம் செய்து வன்கூவரில் இருந்தாள். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. "போனிலை சொல்லிப் போடாதை. நேரை போய், அவள் சாப்பிட்டாப் பிறகு சொல்லு" என்று அண்ணை சொல்லியிருந்தார். எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணா, லீவெடுத்துக்கொண்டு ஒருக்கா வாங்கோவன். டிக்கெற் இவர் போடுறார்."

"என்ன திடீரெண்டு?"

"சும்மாதான். உங்களைப் பாத்துக் கனகாலம்."

மூன்று வருடமாக ஒரு தடவையும் கூப்பிடாதவள். என் மரமண்டையில் அப்போதே ஏறியிருக்க வேண்டும். நல்லதாய்ப் போயிற்று என்று மட்டும் நினைத்தேன். சாவுத் துடக்குக் காலத்தில் முகம் வழிக்கக் கூடாது, இறைச்சியும் ஆகாது. தாடியோடு போனால் பிடித்துவிடுவாள் என்று விமான நிலையக் கழிப்பறையில் வழித்தேன். கண்ணாடியில் பளபளவென்று தெரிந்த முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. செய்தி கேட்ட பிறகு அதுவரை எனக்கு வந்த உணர்ச்சி அது ஒன்றுதான்.

வெள்ளி பின்னேரம் போய்ச் சேர்ந்தேன். இறைச்சி வேண்டாம், ஒரு நேர்த்தி இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஏன், எந்தக் கோயிலுக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் சொல்லச் சந்தர்ப்பம் வந்தது. ஆனால் அவர்களுடைய அப்பார்ட்மென்டின் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்காரர் இருமுவதே கேட்டது. இவள் குரலெடுத்து அழுதால் யாராவது பொலிசுக்குப் போன் அடிப்பார்கள் என்று எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வழிகாட்டியோடு மழைக்காட்டுக்குள் நடக்கப் போவதற்கு மச்சான் பதிந்து வைத்திருந்தார். மச்சான் என்றால் தங்கையின் கணவர். காடு வசதி என்று தீர்மானித்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடுவது.

நாங்கள் மூன்று பேர், ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, வழிகாட்டிப் பெண். மொத்தம் ஆறு பேர். கடலோரத்தில் வான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோம். பத்து நிமிடத்தில் அலைச் சத்தம் நின்றுபோனது. மழை என்று தனியாக ஒன்றும் பெய்யவில்லை. எல்லாவற்றிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் பாசி, பாசியில் பன்னச் செடி, அதன் மேல் இன்னொரு பாசி. ஒரு சீடர் மரத்தின் அடியைச் சுற்றி நாங்கள் ஆறு பேரும் கைகோத்து நின்று பார்த்தோம், எட்டவில்லை. ஊரில் சங்கிலிய மன்னன் ஆண்ட காலத்திலேயே அது பெரிய மரமாம், மச்சான் கணக்குப் பார்த்துச் சொன்னார். வழிகாட்டி எல்லோரையும் மரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னாள். வெள்ளைக்கார மனுசி கண்ணைத் துடைத்தார். எனக்குக் கை ஈரமானது, வேறொன்றும் நடக்கவில்லை.

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் முதுகில் வரிசையாகக் கன்றுகள் முளைத்திருந்தன. செத்த மரம்தான் இவற்றுக்குத் தாய் என்று வழிகாட்டி உருக்கமாகச் சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது. செத்தது செத்ததுதான் என்று தமிழில் முணுமுணுத்தேன். முன்னால் போன தங்கை சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பிறகு பலகைப் பாதை வழுக்குது, பார்த்து வாங்கோ என்றாள்.

மத்தியானம் ஒரு ஓடைக்கரையில் மர வாங்கும் மேசையும் போட்ட இடத்தில் இருந்தோம். வழிகாட்டி முதுகுப் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். இறைச்சி இல்லாத பெட்டிகளில் பச்சைத் துண்டு ஒட்டியிருந்தது. எனக்கு ஒன்று. தங்கைக்கு ஒன்று. மச்சானுக்கும் ஒன்று. நான் அந்த மூன்றாவது பெட்டியைப் பார்த்தேன். மச்சான் ஆடு வெட்டிப் பங்கு போடும் பங்கிறைச்சிக்காக யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிள் மிதித்த மனுசன். அன்றைக்குச் சீஸும் கத்தரிக்காயும் வைத்த பாணைத் தலையைக் குனிந்துகொண்டு சப்பினார். என்னுடைய நேர்த்திக்கு மரியாதை செய்கிறார் என்று எனக்கு நானே சொன்னேன்.

"சாப்பிடுங்கோ அண்ணா" என்றாள் தங்கை.

"நீ சாப்பிடு முதல்."

"நான் சாப்பிடுவன். நீங்கள் முழுக்கச் சாப்பிடுங்கோ."

தன்னுடைய பாணில் பாதியை என் பெட்டிக்குள் வைத்தாள். நான் அதைத் திருப்பி அவள் பெட்டிக்குள் வைத்து, என் பிஸ்கட்டையும் சேர்த்து வைத்தேன். அவள் பிஸ்கட்டை இந்தப் பக்கம் தள்ளினாள். "எனக்குப் போதுமடி, நீ வடிவாச் சாப்பிடு" என்று நான் தள்ளினேன். எதிரே இருந்த கிழவர், எவ்வளவு அன்பான சகோதரர்கள் என்று மனைவியிடம் சொன்னார். தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது விழுங்கி முடிப்பேன் என்று காத்திருந்தாள். நானும் இரண்டு நாளாக அவளை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாணைக் கீழே வைத்தேன். "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. மச்சான் எழும்பி ஓடைப் பக்கம் போனார். வழிகாட்டிக்கு என்ன விளங்கியதோ, அந்தத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு அவளும் தள்ளிப் போனாள்.

"இவரின்ரை சிநேகிதன் கொழும்பிலையிருந்து போன் எடுத்தவன்" என்றாள். "உங்களுக்கு?"

"பெரியம்மாவின்ரை மகன், அண்ணைதான் சொன்னவர். நீ போன் எடுக்கிறதுக்கு ரண்டு நாளைக்கு முதல்."

"பிறகேன் சொல்லேல்லை? உங்களுக்குச் சொல்லத்தானே உங்களைக் கூப்பிட்டனான்! அங்கை தனிய இருந்து கேட்டால் தாங்க மாட்டியள் எண்டு."

"நானும் உனக்குச் சொல்லத்தான் வந்தனான்."

அவள் கோபத்தில் அந்தப் பாண் துண்டைத் தூக்கி எறிந்தாள். வேறு நாளென்றால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கும். பிறகு மேசையைப் பார்த்தபடி, மிக மெதுவாகச் சொன்னாள்:

"உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்க எனக்கு ஒரு ஆறுதலா இருந்தது அண்ணா. ரொறன்ரோவிலை ஒராள் இன்னும் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் எண்டு."

நான் அழாமல் மூடி பொறுக்கியதெல்லாம் கல்நெஞ்சத்தால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. வன்கூவரில் ஒருத்திக்கு அம்மா உயிரோடு இருக்கிறார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் அத்தனை நாள் எழும்பி வேலைக்குப் போயிருக்கிறேன். இனி அப்படி நினைத்துக்கொள்ள ஒருவரும் மிச்சமில்லை. அவள் என் மழைக்கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்று பெரிதாகக் கத்தினாள். நானும் கத்தினேன். கடிதத்தில் என்ன தேதி போட்டிருந்தாலும், எங்கள் அம்மா செத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான்.