ஓடுகிற தட்டு

"போடும்மா!"

பச்சையம்மாள் கூடையிலிருந்து காய்ந்த வரட்டி ஒன்றை எடுத்து வேலிக்கு மேலே வீசுகிறாள். ஆதிமூலம் துப்பாக்கியைத் தோளில் சாத்துகிறார். பறக்கிற வரட்டியோடு குழலையும் கூடவே கொண்டுபோய், "டும்!" என்று வாயால் சுடுகிறார். துப்பாக்கிக்குள் தோட்டா கிடையாது.

"பட்டுச்சா?"

"எங்க பட்டுச்சு? நீங்க டும்முங்கறதுக்குள்ள அது பாதி வழி எறங்கிடுச்சு மாமா."

"காத்து இழுத்துக்கினு போச்சு."

"காத்து மேல பழி போடாதீங்க. தோளு லேட்டு."

அவள் வரட்டியைப் பார்ப்பதே இல்லை. அவர் தோளையும் விரலையும்தான் பார்க்கிறாள். இரண்டு வருஷமாகத் தினம் காலையில் அறுபது வரட்டி. பட்டதா இல்லையா என்கிற விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

கல்வராயன் மலை அடிவாரத்தில், சின்னசேலத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிற ஓர் ஊரில், மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போடுகிறவர் ஆதிமூலம். வயது நாற்பத்தெட்டு. பன்றி விரட்ட அப்பா வாங்கிவைத்த ஒற்றைக்குழல், பயிர்ப் பாதுகாப்பு லைசென்சோடு இவர் பேருக்கு மாறி வந்தது. அந்த லைசென்சுக்கு வருஷத்தில் கிடைக்கிற தோட்டா கொஞ்சம். பழகுவதற்கு வாரி இறைக்க முடியாது. அதனால்தான் வாயால் சுடுகிறார். ஊர் சும்மா விடுமா? 'டும்மு' என்றே பேர் வைத்துவிட்டது. டீக்கடையில் கிளாசும் கையுமாக நிற்கும்போது காக்கை ஒன்று பறந்தால் போதும், மனுஷனுடைய வலது தோள் தானாக ஏறி இறங்கும். டீ வேட்டியில் சிந்தும். மனைவி லட்சுமியம்மாள் தலையில் அடித்துக்கொள்கிறாள். "வரட்டிய அடுப்புக்கு தட்டறனா, ஆகாசத்துக்கு தட்டறனா? இந்த வயசுல இன்னா வெளையாட்டு இது!"

விளையாட்டுதான். சேலம் பக்கத்தில் ஒரு ரைபிள் கிளப்பில், எந்திரம் வீசுகிற களிமண் தட்டைச் சுடுகிற விளையாட்டு. காட்டில் பறவையும் முயலும் போகிற மாதிரி, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு தினுசாகத் தட்டு வரும். மாதம் இரண்டு ஞாயிறு ஆதிமூலம் பஸ் ஏறிப் போகிறார். இரட்டைக்குழலும் தோட்டாவும் கிளப்பிலேயே தருகிறார்கள்.

முதல் நாள் கூத்தை இன்னமும் அங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள். எதிரேயிருந்து ஒரு தட்டு மிதந்து வந்தது. எல்லாரும் "சுடுங்க, சுடுங்க" என்றார்கள். இவர் அசையவில்லை. தட்டு இருபதடி தள்ளி மண்ணில் விழுந்து அடங்கியது. அதற்கப்புறம் நிதானமாகக் குறி பார்த்து, கிடந்த தட்டைத் தூள் தூளாக்கினார். கிளப் செயலாளர் காசிநாதன் ஓடிவந்து, "ஏங்க, தரையில கெடக்கறத எதுக்குங்க சுட்டீங்க?" என்று கேட்டார்.

"நின்னாத்தான சார் சுடணும்?" என்றார் ஆதிமூலம். நிஜமாகவே கேட்டார்.

அவர் வீட்டுச் சட்டம் அது. "ஓடறத சுடாத. நிக்கட்டும், அப்பறம் சுடு" என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். கையில் இருக்கிற நாலு தோட்டாவில் ஒன்று வீணானால் வெள்ளாமைக்கு அந்த அளவு காவல் குறைச்சல். அடிவாரத்தில் துப்பாக்கி வைத்திருந்த எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான்.

அந்தச் சட்டம்தான் தம்பி பூமாலையைக் கொண்டுபோயிற்று. மூன்று வருஷத்துக்கு முன், தை மாதத்துக் காலை வெயிலில் சோள அறுப்பு. அறுத்துக்கொண்டே வந்ததில், கடைசியாக நின்ற துண்டுச் சோளத்துக்குள் ஒரு பன்றி அடைபட்டிருந்தது தெரியவில்லை. திடீரென்று பாய்ந்தது. காவலுக்கு நின்ற ஆதிமூலம் கையில் தோட்டா போட்ட துப்பாக்கி. பன்றி அவர் கண்ணெதிரே குறுக்கே ஓடியது. நிற்கும், நிற்கும் என்று பார்த்திருந்தார். அது நிற்கவே இல்லை. வரப்பில் அரிவாளோடு நின்ற பூமாலையின் தொடையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது உயிர் இல்லை.

பச்சையம்மாள் பூமாலையின் பெண்சாதி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த ஜனமெல்லாம் போனபிறகு, அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சுட்டிருந்தா பட்டிருக்குமா மாமா?"

"ஓடறத எவனாலயும் அடிக்க முடியாதும்மா. சாமியே வந்தாலும் ஆவாது."

அவள் தலையாட்டினாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இவருக்குத்தான் தூக்கம் போயிற்று. சொன்னது நிஜமா பொய்யா என்று இவருக்கே தெரியாதே! முடியாது என்றால், தம்பி விதி முடிந்து செத்தான். முடியும் என்றால், அடப்பாவி, கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவனைச் சாகவிட்டதாக ஆகிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் கிளப்பில் சேர்ந்தார். வீட்டில் சொன்னது வேறு. போட்டியில் மார்க் எடுத்தால் லைசென்ஸ் புதுப்பிக்க ஆபீசில் இழுத்தடிக்க மாட்டார்கள் என்றார். பச்சையம்மாள் அதை நம்பி, தானே வரட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஆறேழு மாதத்தில் பறக்கிற தட்டு படத் தொடங்கியது. அவள் ஒருநாள் வீசுவதை நிறுத்திவிட்டு, "பறக்கறதே படுதே மாமா" என்றாள்.

"பறக்கறது ஒரே சீரா போவும். ஓடறது எகிறி எகிறிப் போவும். அது வேற, இது வேற."

கிளப்பில் 'முயல்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே தட்டு பறக்காது, தரையில் உருண்டு குறுக்கே ஓடும். அந்த இடத்துக்கு மட்டும் ஆதிமூலம் போனதே இல்லை. "முட்டி வலிக்குது சார்" என்பார். "பஸ்ஸு போயிடும் சார்" என்பார். தெரிந்துகொள்ளப் போனவர், தெரிந்துவிடுமோ என்று பயந்து ஒளிந்துகொண்டிருந்தார். மனுஷன் மனசு இருக்கிறதே, அதைப்போல ஒரு கள்ளன் கிடையாது.

போன மாசியில் போட்டி வைத்தார்கள். போட்டி என்றால் எல்லா இடத்திலும் சுட்டே ஆகவேண்டும், முயலையும்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், புளிச்சோறு கட்டிக்கொண்டு பச்சையம்மாளும் வந்தாள். சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடத்துக்கு இடம் அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தத் தோள் லேட்டாகவே இல்லை.

"இன்னும் மூணு பட்டா போதும், மாநிலப் போட்டிக்குப் போறீங்க" என்றார் காசிநாதன். பாக்கி இருந்தது முயல் மட்டும். ஆறு தட்டு.

முதல் தட்டு புதர் மறைவிலிருந்து குறுக்கே ஓடிவந்தது. கல்லில் மோதி எகிறியது. ஆதிமூலம் யோசிக்கவில்லை. தோள் தானாக ஏறியது. தட்டு நடு ஓட்டத்தில் பொடியாகிப் போனது. சாமியானாவில் கைதட்டினார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பச்சையம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கை தட்டவில்லை. பொடி சிதறின இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தட்டு ஓடியது. குழல் அதோடு சரியாகத்தான் போனது. கடைசி நொடியில் ஒரு சாண் மேலே தூக்கி வானத்தைச் சுட்டார். மூன்றாவதையும் அப்படியே விட்டார்.

"என்னங்க ஆச்சு? மொதல்ல அருமையா அடிச்சீங்களே!"

"ஓடறது இல்லீங்களா சார்" என்றார் ஆதிமூலம், சாமியானா வரைக்கும் கேட்கிற குரலில். "ஓடறத எவனாலயும் அடிக்க முடியாது சார். மொதல்ல பட்டது குருட்டாம்போக்குல பட்டது."

காசிநாதன் நம்பினார். பச்சையம்மாள் தன் நாற்காலியைத் தூக்கி, மைதானத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, "பாக்கி மூணையும் நான் பாக்கல மாமா, சுடுங்க" என்று சத்தமாகச் சொல்லி உட்கார்ந்தாள்.