கரியென்று நினைத்தேன்

கழுவுமிடத்துச் சுவரில் அந்தக் கம்பி பிரஷ் இன்னும் தொங்குகிறது. பல்லெல்லாம் துரு. பாத்திரத்தில் ஒரு பொட்டு அழுக்குப் பொறுக்காத நான், இதை மட்டும் அன்றைக்குப் பிறகு கழுவவே இல்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

நெய்வேலிக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எனக்கும் கரிக்கும் தீராத பகை. காலையில் துடைத்த ஜன்னல் மதியத்துக்குள் கறுத்திருக்கும். கொடியில் காய்ந்த வேட்டியை உதறினால் தூள் பறக்கும். "இந்தப் பொண்ண உட்டா மைன்ஸையே தொடச்சி வெச்சிடும்" என்று என் மாமனார் சிரிப்பார். அவர் வேலை பார்த்தது சுரங்கத்தில். அவர் பிறந்த ஊர் போனதும் அதே சுரங்கத்துக்குள்தான். ஊரைக் காலி செய்தபோது அவர் வண்டி வைத்து ஏற்றிவந்தது ஒரு கல்லை. இடுப்புயர மணற்கல்லில் வில்லேந்திய வீரன்; எந்தக் காலத்தில் செதுக்கியதோ, யாருக்கும் தெரியாது. குவார்ட்டர்ஸின் கடைசி வரிசைக்குப் பின்னால், முந்திரி மரத்தடியில் அதை நட்டிருந்தார். "அந்த ஊர்ல எங்களுக்கு ஒரு காணி நெலம் கெடையாதும்மா. எங்களுதுன்னு இருந்தது இந்த வீரன் ஒருத்தன்தான்" என்பார். வெள்ளிக்கிழமைதோறும் அவன் இரு கண்ணிலும் சந்தனம் வைப்பார்.

கல்லின் முகமெங்கும் கடுகு தெளித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். எங்கள் ஊரில் எது கறுத்தாலும் அது கரிதானே? ஓர் ஆடி மாதம், படையலுக்கு முன் அவரை மகிழ்விக்க எண்ணி, அவர் ஷிஃப்டுக்குப் போயிருந்த பகலில், கழிவறை ஆசிட்டை ஊற்றி இந்த பிரஷால் தேய்த்தேன். கறுப்பு போயிற்று. கூடவே கல்லும் மாவாய் உதிர்ந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை.

"கரின்னு நெனைச்சுத் தேச்சிட்டேன் மாமா" என்று அழுதேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்லவே அது அவரு மூஞ்சில இருந்துச்சும்மா. அப்ப மைன்ஸே கெடையாது" என்று மட்டும் சொன்னார்.

பழைய கற்களை ஆராயும் கல்லூரி ஆசிரியை ஒருவர் பிற்பாடு வந்து பார்த்தார். அந்தக் கறுப்பு பூஞ்சையாம், உயிருள்ளதாம். கல்லின் மணல் துகள்களுக்கிடையே இழைவிட்டு, உள்ளுக்குள்ளேயே கல்லைத் தளர்த்தியிருக்குமாம். தேய்க்காமல் விட்டிருந்தால் முகம் இன்னும் பல காலம் இருந்திருக்கும் என்றார். தேய்த்தவள்தான் காபி கொடுத்தாள் என்று அவருக்குத் தெரியாது.

நான் முகத்தைத் தேய்த்தழித்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் மாமனார் சந்தனம் குழைத்தார். அவர் விரல் துழாவவே இல்லை. மொட்டைக் கல்லில், கண்கள் இருந்த அதே இடத்தில் போய் நின்றது. சாகும்வரை அப்படித்தான் வைத்தார்.

இப்போது வைப்பது நான். எத்தனையோ வெள்ளிக்கிழமை பார்த்திருந்தும் கண்கள் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடம் அவரோடு போய்விட்டது. எங்கே வைத்தாலும் வேறெங்கோ இருந்து அவன் என்னைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

போன மழைக்குப் பிறகு கல்லில் கறுப்பு மறுபடி துளிர்த்திருக்கிறது. இந்த வாரம் அதில் இரண்டு புள்ளிகளின்மேல் சந்தனம் வைத்துவிட்டு வந்தேன். கை கழுவும்போது எதிரே பிரஷ் தொங்கியது. அதன் பல்லிடுக்கில் துரு எது, கல்மாவு எது என்று பிரிக்க முடியாது. வீரனின் முகத்தில் மிச்சமிருப்பது அவ்வளவுதான்.